காரா, ரயிலா: மேனேஜர் வேலைக்கு எது தாங்கும்?

நான்கு வருடம் ஆபீசுக்குக் காரில் போய்வந்தேன், இப்போது ஒன்றரை வருடமாக ரயில். 12 பேர் கொண்ட டீமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நேரத்தை மட்டும் பார்த்தால் கார்தான் ஜெயிக்கும்: நல்ல நாளில் 45 நிமிடம், ரயிலில் நடையையும் சேர்த்து 70. காரில் ஏசி, உட்கார இடம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம். இதெல்லாம் தெரிந்ததுதான்.

நான் மாறியதற்குக் காரணம் அந்த ‘நல்ல நாள்’. மோசமான நாளில் அதே 45 நிமிடம் 100 ஆகிவிடும், இன்றைக்கு எது என்று வாசலில் நிற்கும்போது தெரியாது. ஒன்பதரைக்கு மீட்டிங், முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து விரலெல்லாம் வலி, நடுவில் போன் வேறு. அப்படி வந்து உட்கார்ந்த ஒரு காலையில், டீமில் இருக்கும் ஒரு பெண் அம்மாவுக்கு ஆபரேஷன், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று வந்து நின்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “மெயில் போடுங்க” என்றேன். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அது இன்னும் உறுத்துகிறது.

உளவியல் ஆய்வாளர்கள் மாஸ்லாக்கும் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் வேலைச் சோர்வை மூன்றாகப் பிரிக்கிறது: மனம் வற்றிப்போவது, ஆட்களிடம் ஒட்டாமல் நடந்துகொள்வது, எதையும் சாதிக்கவில்லை என்ற நினைப்பு. முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. ஆனால் வேலை மேல் இருந்த பிடிப்பு துளியும் குறையவில்லை, அதனால்தான் ரொம்ப நாள் இதைக் கவனிக்கவே இல்லை. மேனேஜர் வேலையில் பாதி, அடுத்தவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது. அந்தப் பொறுமையை ரோட்டிலேயே தீர்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

ரயிலில் 70 என்றால் அநேகமாக 70தான். நின்றுகொண்டே போகிறேன், கசகசப்பு உண்டு, ஆனாலும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று ஏறும்போதே தெரியும். எவன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 2002-இல் ரயில் பயணிகளிடம் செய்த ஆய்விலும், பயணத்தைக் கணிக்க முடியவில்லை என்று உணர்ந்தவர்களுக்குத்தான் மன அழுத்தம் கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் அடிக்கடி தாமதமாகும் ரயில் தடத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது பொருந்தாது. சாயங்காலம் கடைசி இரண்டு ஸ்டேஷனுக்குள் மறுநாள் வேலையைச் சின்ன நோட்டில் எழுதி மூடிவிடுகிறேன், வீட்டுக்குள் நுழையும்போது அது பையில்தான் இருக்கும்.

வீட்டிலிருந்தே வேலை செய்வது? வாரம் ஒரு நாள்தான் எனக்கு வாய்த்தது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வழியில் பிள்ளையைப் பள்ளியில் விடவேண்டியவருக்கும், ராத்திரி வெகுநேரம் கழித்துத் திரும்புகிறவருக்கும் கார்தான் சரி.