மக்கள் ‘வேண்டாம்’ என்றபோது: டென்மார்க்கும் பிரான்சும்

டென்மார்க்கின் ஒரு குரோனர் நாணயத்தின் நடுவில் ஒரு துளை உண்டு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் 1973-லேயே சேர்ந்த அந்த நாட்டில், யூரோ வந்த பிறகும் இந்தத் துளைக் காசுதான் புழங்குகிறது. மக்கள் வேண்டாம் என்றார்கள். அரசு அதற்குக் காதுகொடுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கி, பொது நாணயத்துக்கு வழிவகுத்த மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தை 1992 ஜூனில் 50.7 சதவீத டேனிஷ் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். வித்தியாசம் ஐம்பதாயிரம் வாக்குகள்கூட இல்லை. அதைக் காரணம் காட்டி அரசு முடிவைத் தட்டிக்கழிக்கவில்லை. மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று பிரித்துப் பார்த்து, பொது நாணயம், பாதுகாப்பு, நீதித் துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் விலக்குப் பெற்றது. 1993 மே மாதம் மீண்டும் வாக்கெடுப்பு, 56.7 சதவீதம் ஆதரவு. ‘ஆம் என்று சொல்லும்வரை விடமாட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை, ஏனெனில் இரண்டாம் முறை மக்கள் முன் வைத்தது வேறு ஏற்பாடு. 2000-இல் யூரோவில் சேரலாமா என்று தனியாகக் கேட்டார்கள், 53.2 சதவீதம் பேர் மறுத்தார்கள், பேச்சு அதோடு முடிந்தது. உக்ரைன் போர் மூண்டதும் மனம் மாறியது. 2022-இல் பாதுகாப்பு விலக்கை நீக்க 66.9 சதவீதம் பேர் சம்மதித்தார்கள்.

பிரான்ஸ் போன வழி வேறு. 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனத்தை 54.7 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதில் இருந்தவற்றில் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தது. 2008 பிப்ரவரியில் நாடாளுமன்றமே அதை ஏற்றது. சட்டப்படி பிழையில்லை, அப்படித்தான் செய்வேன் என்று தேர்தலிலேயே சொல்லி வென்றவர் அப்போதைய அதிபர் சர்கோசி. ஆனாலும் வரிசையில் நின்று வாக்களித்தவர்களிடம் மறுபடி யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. ஜெர்மனி யூரோவுக்காகத் தன் நாணயமான மார்க்கைக் கைவிட்டபோது மக்களிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அங்கே தேசிய அளவில் அப்படி வாக்கெடுப்பு நடத்தும் வழக்கமே இல்லை.

டென்மார்க் வழிக்கும் விலை உண்டு. குரோனரின் மதிப்பு யூரோவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை மாற்றினால் கோபன்ஹேகனும் பெரும்பாலும் பின்தொடர்ந்தாக வேண்டும். அதைத் தீர்மானிக்கும் மேசையில் டேனிஷ்காரருக்கு இடமில்லை. இருந்தும் நான் டென்மார்க் பக்கமே நிற்பேன். அந்த விலையைக் கொடுப்பதா என்பதையும் அங்கே மக்களிடமே கேட்டார்கள்.