ஜன்னல் சீட்டா, ஐல் சீட்டா? வேலூரிலிருந்து கிளம்புபவர்களுக்கு

காலை 6 மணிக்கு மீனம்பாக்கத்தில் விமானம் என்றால் வேலூரில் இரவு 1 மணிக்கே கார் ஏறியாக வேண்டும். 140 கிலோமீட்டர் மடக்கியே வைத்திருந்த காலோடுதான் விமானத்தில் உட்காரப் போகிறோம். சீட் எடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

உள்நாட்டில் அதிகம் பறக்கும் ஏ320 விமானத்தில் வரிசைக்கு ஆறு சீட். ஏ, எஃப் ஜன்னல்; சி, டி ஐல், அதாவது நடைவழி ஓரம்.

விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஜன்னல்தான் நல்லது. சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு, வழி கேட்டு யாரும் எழுப்ப மாட்டார்கள். டெல்லிக்குக் காலை விமானமா, ஏ எடுங்கள். வெயில் எஃப் பக்கம் அடிக்கும்.

அடிக்கடி பாத்ரூம் போகிறவர்கள், மூட்டு வலிக்காரர்கள், ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் ஐல் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். வலது முழங்கால் மடங்காதவருக்கு சி, இடது மடங்காதவருக்கு டி. அப்போதுதான் அந்தக் கால் நடைவழிப் பக்கம் நீளும். சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்குமே வலி என்றால் ஒரே வரிசையில் சி, டி.

கால் நீட்ட நிறைய இடம் வேண்டுமென்று எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டுகிறார்கள். வாட்டசாட்டமான ஆளுக்குச் சரி. முதியவர், கர்ப்பிணி, குழந்தை அங்கே உட்கார முடியாது. ஏறிய பிறகு மாற்றிவிடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு எக்ஸிட் வரிசை இருந்தால் பின்னதை எடுங்கள், முன்னதன் முதுகு பெரும்பாலும் சாயாது.

முதியவர்களுக்கு முதல் வரிசையே மேல். வீல்சேர் விமானக் கதவு வரைதான் வரும், உள்ளே நடக்கும் தூரம் குறையும். ஆனால் சீக்கிரம் இறங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீல்சேர் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள். முன்னால் சீட் இல்லாததால் பையைக் காலடியில் வைக்க முடியாது, மேலே போய்விடும். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கலுக்குப் பயப்படுகிறவருக்கு இறக்கையை ஒட்டிய வரிசைகள். வால் பக்கம் ஆட்டம் அதிகம், டாய்லெட் கூட்டமும் அங்கேதான்.

12 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024-இல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ உத்தரவிட்டிருக்கிறது. பிரித்துவிடுவார்களோ என்று பயந்து பணம் கட்டத் தேவையில்லை.

விமான நிறுவனம் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றி விட்டால் சீட் எண்ணும் மாறலாம். கார் ஏறும் முன் போர்டிங் பாஸை இன்னொரு தடவை திறந்து பாருங்கள்.