மெட்டலுக்கு எந்த கிட்டார் சிந்த்: மிடி வழியா, தந்தி வழியா?

கிட்டாரை வாசித்தே சிந்தசைசர் சத்தம் எடுக்கும் கிட்டார் சிந்த் மேல் எனக்கு ஆசை 1986இல் வெளிவந்த இரண்டு மெட்டல் ஆல்பங்களில் தொடங்கியது. ஜூடாஸ் பிரீஸ்டின் ‘டர்போ’, அயர்ன் மெய்டனின் ‘சம்வேர் இன் டைம்’. இரண்டையும் பினாங்கிலிருந்து லீவுக்கு வந்த அம்மான் கேசட்டாகக் கொண்டு வந்தார். கானாடுகாத்தானில் ஆயா வீட்டு வளவில் டேப் ரிக்கார்டரை வைத்துப் போட்டால் ஆத்தங்குடிக் கல் தரையிலும் தூண்களிலும் பட்டுச் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவரை எனக்கு மெட்டல் என்றால் பிளாக் சபாத் குழுதான். தகட்டு ஆலையில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் குப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்த அந்தக் கனமான கிட்டார்தான். இந்தக் கேசட்டுகளில் கிட்டாருக்குப் பின்னால் என்னவோ பளபளத்தது. கீபோர்டு என்று நினைத்தேன். “கீபோர்டெல்லாம் இல்லடா, கிட்டார்லதான் அந்தச் சத்தத்தை எடுக்குறாங்க” என்றார் அம்மான்.

இரண்டும் ஒரே வருஷம் வந்தாலும் பயன்படுத்திய விதம் வேறு. பிரீஸ்ட் சிந்த்தை முன்னால் நிறுத்தினார்கள், ரிஃப்பே (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) அதில்தான் உறுமும். மெய்டன் அதைத் திரைச்சீலை மாதிரி பின்னால் விரித்துவிட்டு, இரட்டை கிட்டாரை வழக்கம்போல முன்னால் ஓடவிட்டார்கள். எனக்கு மெய்டன் செய்ததுதான் பிடிக்கும், இன்றைக்கும். ஆனால் கிட்டார் சிந்த் வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பிரீஸ்டிடம்தான் இருக்கிறது: ரிஃப்பையே சிந்த்தில் வாசிக்கப் போகிறோமா?

ஏனென்றால் வழி இரண்டு. ஒன்று மிடி வழி, மிடி என்றால் இசைக் கருவிகள் ஸ்வரத்தைச் செய்தியாக அனுப்பிக்கொள்ளும் டிஜிட்டல் மொழி. பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் ஒட்டும் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் கருவி) ஆறு தந்தியையும் தனித்தனியாகக் கேட்கும், பெட்டி ‘இது என்ன ஸ்வரம்’ என்று கண்டுபிடித்து, அந்த ஸ்வரத்தை வேறொரு சத்தத்தில் ஒலிக்கச் சொல்லும். கண்டுபிடிக்கக் குறைந்தது ஓர் அலை முழுசாகப் போக வேண்டும், பெரும்பாலும் அதற்கு மேலும். மேல் தந்தி (மெல்லியது) செகண்டுக்கு 330 தடவை அதிர்கிறது, ஓர் அலைக்கு 3 மில்லி செகண்ட்தான், தெரியவே தெரியாது. அடித் தந்தி (தடித்தது) 82 தடவை. ஓர் அலைக்கே 12 மில்லி செகண்ட், இரண்டு அலை காத்திருந்தால் 24. அயோமி மாதிரி மூன்று செமிடோன் (அரை ஸ்வரம்) சுருதி இறக்கினால் 69க்கு வந்துவிடும், இரண்டு அலைக்கு 29. மெட்டல் குடியிருப்பதே அந்தத் தந்தியில்தான்! உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி (பாம் மியூட்) வேகமாக அடிக்கும்போது கை ஒரு இடத்தில், சத்தம் ஒரு இடத்தில் நிற்கும். நான் முதலில் வாங்கிய பழைய மிடி பெட்டியில் இரண்டு வருஷம் இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் அடித் தந்திகளுக்கு சிந்த்தை நிறுத்திவிட்டு மேல் மூன்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று தந்தி வழி. ஸ்வரத்தின் பெயர் கண்டுபிடித்து வேறு சத்தத்தை அழைக்காமல், தந்தியின் அதிர்வையே பிடித்து உருமாற்றுவது. ரோலண்டின் ஜிஆர்-300 1980இல் வந்தது, மிடி என்ற ஒன்று பிறப்பதற்கே மூன்று வருஷம் முன்னால். ஜாஸ் கிட்டாரிஸ்ட் பேட் மெத்தினி இன்றுவரை அதை ஊதுகுழல் மாதிரி பாடவைக்கிறார். 1995இல் விஜி-8 இதே வழியில் டிஜிட்டலுக்குப் போனது, இப்போது ரோலண்டின் பாஸ் (Boss) பிராண்ட் பெட்டி எஸ்ஒய்-1000 ஜிஆர்-300இன் குரலையும் உள்ளே வைத்திருக்கிறது. காக்க வேண்டிய நேரம் மிகக் குறைவு, அடித்தால் அடித்த இடத்தில் நிற்கும்.

நம்ம ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. காரைக்குடி சகோதரர்களின் வீணை பாணி தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மீட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து எத்தனை ஸ்வரம் எடுக்கலாம் என்று. கிட்டாரில் அதைச் செய்தால் தந்தி வழி அப்படியே கூடவே வரும். மிடி வழியில் அந்த இழுப்பு ‘பிட்ச் பெண்ட்’ செய்தியாகப் போகிறது. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பெண்ட் வீச்சு (எத்தனை செமிடோன் வரை இழுக்கலாம் என்பது) ஒரே எண்ணில் இருக்க வேண்டும், தந்திக்கு ஒரு சேனலாக ஆறு சேனல் பிரித்திருக்க வேண்டும். வாங்கும் பக்கம் 2 செமிடோன், அனுப்பும் பக்கம் 12 என்று இருந்துவிட்டால் கமகம் கந்தலாகிவிடும். சரியாக அமைத்துவிட்டால் ஓரளவு வரும், ஆனால் மெல்லிய அசைவில் படி ஏறி இறங்குவது என் காதில் விழத்தான் செய்கிறது.

மிடியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின் கூட்டம் வேண்டும் என்றால், வாசித்ததைக் கம்ப்யூட்டரில் ஸ்வரமாகப் பதிந்து பிறகு திருத்த வேண்டும் என்றால் அதுதான் வழி. மெய்டன் மாதிரி பின்னால் விரிக்கும் சத்தத்துக்கும் போதும், மெதுவாக எழும்பும் சத்தத்தில் 25 மில்லி செகண்டை யாரும் தேட மாட்டார்கள். ரோலண்டின் ஜிஆர்-55 (2011) இரண்டு வழியையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் நல்லது கிடைத்தால் விடாதீர்கள். தனி பிக்கப்பே வேண்டாம், சும்மா ஜாக்கில் செருகினால் போதும் என்பவர்களுக்கு எஸ்ஒய்-1 பெடல், 121 சத்தம், அவ்வளவுதான்.

ரிஃப் வாசிப்பவர்களுக்கு என் ஓட்டு தந்தி வழிக்கே. எதை வாங்கினாலும், தனி பிக்கப் என்றால் அதற்கும் தந்திக்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் பாருங்கள், கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு. டியூன் இறக்கிய அடித் தந்தி அகலமாக ஆடும், பிக்கப்பில் இடித்தால் டிக் டிக்கென்று கேட்கும், அப்போது அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்துங்கள். அப்புறம், கடையில் கிடைக்கும் இரட்டைப் பக்க டேப்பை நம்பாதீர்கள். என்னுடையது சித்திரை வெயிலில் இளகி, பிக்கப் நகர்ந்து, ஆறாம் தந்திக்கு அடியில் இருக்க வேண்டியது ஐந்தாம் தந்திப் பக்கம் போய்விட்டது. இப்போது இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன், ஆறு வருஷமாக அசையவில்லை.