அடையாற்றில் நாலு வருஷம் துடுப்புப் போட்ட அனுபவம்

அடையாற்றில் தண்ணீர் அலையே இல்லாமல் கிடக்கிற நாளில்தான் நாற்றமும் உச்சத்தில் இருக்கும். நாலு வருஷம் காலேஜ் டீமில் அங்கே துடுப்புப் போட்டேன். காரைக்குடிக்குத் திரும்பி இத்தனை காலமாகியும் அந்த ஆற்றின் மேல் இருக்கிற இந்த ஒரு ஆத்திரம் மட்டும் தீரவில்லை.

காரணம் முகத்துவாரம். கடல் வாயில் மணல் மேடு கட்டிவிட்டால் ஓதம் ஏறி இறங்க வழியில்லை. வந்து சேர்கிற சாக்கடை அங்கேயே நின்று கறுத்துப்போகும். இழுப்பு கிடையாது, படகு சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மூச்சை ஆழமாக இழுத்தால் குமட்டும். மழைக்குப் பிறகு வாய் திறந்தால் நாற்றம் தணியும், பதிலுக்கு ஆகாயத்தாமரையும் குப்பையும் மிதந்து வரும். படகு நேராகப் போவதற்கென்று அடியில் உள்ளங்கை அளவில் ஒரு ஃபின் உண்டு. அதில் ஒரு கேரிபேக் சுற்றிக்கொண்டால் எட்டுப் பேர் உயிரைக் கொடுத்து இழுத்தாலும் வேகம் எடுக்காது. படகில் உட்கார்ந்து திசை பார்த்துக் குரல் கொடுக்கிற காக்ஸ் என்னவோ நம்மைத்தான் திட்டுவான். 2015 டிசம்பரில் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததும் இதே ஆறுதான்.

செட்டிநாட்டுக்காரனுக்கு இது கூடுதல் கொடுமை. வைகைக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே, மழைத் தண்ணியை ஊரணியில் தேக்கிக் குடித்த ஊர் நம்முடையது. குடிதண்ணி ஊரணியில் காலை நனைத்தால் அப்பத்தா தெருவையே கூட்டிவிடும். அப்படி வளர்ந்தவன், பக்கத்துத் துடுப்பு வாரியடிக்கிற சாக்கடைக்கு உதட்டை இறுக்கி மூடப் பழகினேன்.

தேவகோட்டை ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மகன் இப்போது சென்னையில் காலேஜில் சேர்ந்திருக்கிறான். "அம்மான், ரோயிங் டீமுக்குப் பேர் கொடுக்கவா?" என்று கேட்கிறான். ஆற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாவம்.

படகுக் கொட்டகையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எட்டுப் பேர் படகு கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளம். எங்கள் வீட்டு முகப்பில் மூக்கை வைத்தால் வால் இரண்டாம் கட்டில் கிடக்கும். அகலம் ஒரு ஆள் உட்கார மட்டும். காக்ஸ் குரல் கொடுத்ததும் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் அதை ரேக்கிலிருந்து எடுத்துத் தோளில் ஏற்றி, துடுப்பைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டியிருக்கிற ரிக்கர் வாசல் நிலையில் இடிக்காமல் சாய்த்து வெளியே கொண்டுபோக வேண்டும். யாரும் பேச மாட்டார்கள். முந்தின நாள் அடித்துக்கொண்டவர்கள்கூட அந்த நேரத்தில் ஒழுங்காக அடி எடுத்து வைப்பார்கள். திரும்பி வந்தால் நல்ல தண்ணீரில் படகைக் கழுவி, சீட் உருளுகிற தண்டவாளத்தைத் துணியில் கறுப்பு படியாத வரைக்கும் துடைக்க வேண்டும். சீனியர் விரலை ஓட்டிப் பார்ப்பார். அந்த வேலை எனக்கு எந்தக் காலத்திலும் அலுத்ததில்லை. ரேஸைவிட அதுதான் பிடித்தது என்று சொன்னால் கோச்சுக்குக் கோபம் வரும்.

கொட்டகைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆற்றுக்கு ஒன்று, அதுவும் நாரைகளுக்காக. கணக்குப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பேர் கொடுடா. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருக்கிற நாளில் மட்டும் ஆற்றுப் பக்கம் போகாதே, கொட்டகைக்குள்ளேயே மெஷினில் இழு. அந்தத் தண்ணி பட்டால் புண் லேசில் ஆறாது.