பந்தய மாடு: வீட்டுப் பசுவில் ஈனவிடுவதா, கன்றாகப் பிடிப்பதா?

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் 2014 தடையோடு நின்றுபோன மாட்டுவண்டிப் பந்தயம், 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி ஓடுகிறது. புதிதாக மாடு சேர்க்கிறவருக்கு வழி மூன்று. ஓடிப் பழகிய ஜோடியை வாங்கலாம், வீட்டுப் பசுவில் ஈனவிடலாம், பல் போடாத (பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்காத) காளைக்கன்றாக விலைக்குப் பிடிக்கலாம்.

ஓடிப் பழகிய ஜோடிக்குப் பணம்தான் பேசும். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்பதை மட்டும் துருவிக் கேளுங்கள்; பெரும்பாலும் காலில்தான் காரணம் இருக்கும்.

வீட்டில் ஈனவிட்டால் தாய் தெரியும், பொலிகாளை தெரியும், கன்று ஆள் பழகி வளரும். மனசுக்கு நிறைவான வழி அது. ஆனால் ஜோடி சேராது. வண்டிக்கு இரண்டு மாடு வேண்டும், ஒரு பசு இரட்டைக்கன்று போடுவது அபூர்வம். சினை ஒன்பதரை மாதம், அடுத்த ஈற்றுக்குக் குறைந்தது ஒரு வருஷம். மூத்தது ரெண்டு பல் போட்டு நிற்கும்போது இளையது பால் பல்லோடு இருக்கும். பந்தயத்தில் மாட்டின் வளர்ச்சிப்படி பிரிவு உண்டு: பூஞ்சிட்டு சிறியது, அதற்கு மேல் சின்ன மாடு, பெரிய மாடு. ஒன்று சின்ன மாட்டுக்கு வளர்ந்திருக்கும், மற்றது பூஞ்சிட்டைத் தாண்டியிருக்காது.

சரி, இரண்டு பசுவை ஒரே பருவத்தில் சினைப்படுத்தினால்? இரண்டுமே காளைக்கன்று போட வாய்ப்பு 4-ல் ஒன்று. காளைக்கன்றில் 3-க்கு ஒன்று ஓட்டத்துக்குத் தேறும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இரண்டும் தேற 9-ல் ஒன்று. பெருக்கினால் 36-ல் ஒன்று. அதுவும் தெரியவர, சினைக்காலத்தையும் சேர்த்து மூன்று வருஷம் தீவனம் போட்டிருக்க வேண்டும்.

அதனால் என் கை கன்று பிடிக்கிற பக்கம்தான் சாய்கிறது. ஒன்றை முதலில் பிடித்து, அதன் உயரத்துக்கும் கால் எட்டிப்போடுகிற அளவுக்கும் தோதாக மற்றதைத் தேடலாம். திமில் உயரத்தில் நாலு விரல் வித்தியாசம் இருந்தாலே நுகத்தடி சாயும். ஒரு கழுத்து உரசிப் புண்ணாகும். அந்தப் புண் ஆறுகிறவரை வண்டி பூட்ட முடியாது.

சந்தையைவிடக் கிடையில் (மேய்ச்சல் மாட்டுக் கூட்டத்தில்) பிடிப்பது நல்லது. தினமும் மைல் கணக்கில் மேய்ந்து நடக்கிற கன்றுக்குக் குளம்பு இறுகியிருக்கும். கன்றை நிற்க வைத்துப் பார்க்காதீர்கள், நடத்திப் பாருங்கள். பின்னங்கால் குளம்பு முன்னங்கால் தடத்தில் விழ வேண்டும், தாண்டி விழுந்தால் இன்னும் நல்லது. முன்னங்கால் முட்டிகள் உரசக்கூடாது. குளம்பு கறுத்து, நடுப்பிளவு நெருங்கி இருக்கட்டும். விரிந்த குளம்பு தார் ரோட்டில் தாங்காது.

சுழியையும் (மாட்டின் உடம்பில் முடி சுழன்றிருக்கும் இடம்) பாருங்கள். ஓட்டத்துக்கும் சுழிக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நம்பவில்லை, ஆனால் விலைக்கு உண்டு. பூரான் மாதிரி நீண்ட சுழி மேல்நோக்கி ஏறுகிற ஏறு பூரான் என்றால் விற்கும்போது ஆள் வரும். அது கீழ்நோக்கி இறங்குகிற இறங்கு பூரான் என்றால் எவ்வளவு ஓடினாலும் விலையை உடைப்பார்கள். தேறாத கன்றைத் தள்ளிவிட்டு வேறு மாற்றுவதுதான் இந்த வழியின் பலமே, அதனால் சுழி சுத்தமாக இல்லாததைத் தொடாதீர்கள்.

பிடித்த கன்றை உடனே ஜோடியாகப் பூட்டக்கூடாது. முதலில் பழகிய கிழட்டு மாட்டோடு வெறும் வண்டியில், மணல் பாதையில். வலத்திலும் இடத்திலும் மாற்றிப் பூட்டினால் எந்தப் பக்கம் அதற்கு இயல்பு என்று தெரியும். பந்தயத்தில் வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பும்போது உள்பக்க மாடு கால் தரித்து நிற்க, வெளிப்பக்க மாடு வளைந்து ஓட வேண்டும். உள்மாடு நேரே இழுத்தால் சக்கரம் தூக்கிக்கொள்ளும். நேர் ரோட்டில் பறக்கிற பல ஜோடி இந்தத் திருப்பத்தில்தான் கெடுகிறது.

இவ்வளவும் பூஞ்சிட்டு, சின்ன மாட்டு வண்டிக்கான கணக்கு. பெரிய மாட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதால், ஆறு பல் போட்டதாகப் பார்த்து வாங்குவது லாபமாக இருக்கலாம்.

லாடம் அடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். ஆணி உள்சதையைத் தொட்டால் அன்றைக்கே தெரியாமல் போகலாம், சில நாள் கழித்துக் கன்று காலைத் தூக்கும்.