உவர் நிலக் கொண்டைக்கடலைக்கு ஒரு ரைசோபியம் பொட்டலம்

உப்பைத் தாங்கும் வகை என்று சொல்லி விற்கப்படும் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் ஒன்றை இந்தப் பருவத்தில் கொண்டைக்கடலைக்கு இட்டுப் பார்த்தேன். பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

உவர் மண்ணில் பயறுவகைச் செடிகள் வெளிறிப் போவதற்குத் தழைச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். மண்ணில் தனித்து வாழும் ரைசோபியம் ஓரளவு உப்பைச் சமாளித்துவிடும். செடியும் எப்படியோ முளைத்துவிடும். இரண்டும் கூடி வேர்முடிச்சு உண்டாக்கும் கட்டத்தில்தான் உப்பு முதலில் கை வைக்கிறது. உப்பால் வாடும் செடி எத்திலீன் என்னும் வாயு வடிவ வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க, அதுவே முடிச்சு உருவாவதைத் தடுத்துவிடுகிறது. எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசி என்னும் சேர்மத்தைச் சிதைக்கும் நொதிக்குரிய மரபணுவை, கொண்டைக்கடலையோடு கூட்டுறவு கொள்ளும் ரைசோபிய வகையான மீசோரைசோபியத்தில் சேர்த்துச் செய்த ஆய்வில், உப்பு மிகுந்த சூழலிலும் செடியின் வளர்ச்சி மேம்பட்டிருக்கிறது.

என் நிலத்தில், மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்ற உவர் எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருந்த ஒரு பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் விதைநேர்த்தி செய்தேன். சர்க்கரைக் கரைசலில் நனைத்த விதையில் பொடியைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்தேன். பூக்கும் நேரத்தில் இரு பக்கமும் சில செடிகளை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. நேர்த்தி செய்யாத வேர்களில் கடுகளவு முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே வெளிர்பச்சை. நேர்த்தி செய்தவற்றில் ஆணிவேரின் மேற்பகுதியில் முடிச்சுகள் கொத்தாகத் திரண்டிருந்தன, உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தும் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் தருவது; முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட எளிய அடையாளம் இல்லை.

தண்ணீர் தேங்கி வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும் தாழ்ந்த மூலையில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கருகின. பாக்டீரியா உப்பை மண்ணிலிருந்து அகற்றுவதில்லை.

பொட்டலத்தைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 'மேம்படுத்தப்பட்டது' என்று அச்சிட்டவர்கள், மரபணு மாற்றத்தால் மேம்படுத்தினார்களா, உவர் மண்ணிலிருந்து தேர்ந்தெடுத்த இயற்கை வகையா என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எவ்வளவு உப்பு வரை தாங்கும் என்ற எண்ணும் இல்லை. பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் புரட்டினால் பாக்டீரியா மடிந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை, படிக்க முடியாத சிறு எழுத்தில் இருக்கிறது. வாங்கியவற்றில் ஒரு பொட்டலத்தின் காலாவதி தேதி அழிந்திருந்ததால் மாற்றி வாங்க வேண்டியிருந்தது. உயிருள்ள பொருளில் இந்தக் கவனக்குறைவு சிறிய குறையன்று.

அடுத்த பருவத்திலும் அதே பகுதிக்கு இதை வாங்குவேன். தாழ்ந்த மூலைக்கு வாங்கப் போவதில்லை. அங்கே முதலில் வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும்.