எச்.டி.ஆர் மெர்ஜ்: ஐந்து வருடத் தலைவலிக் கணக்கு

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளுக்காகப் படம் எடுக்கிறேன். முற்றத்தில் வெயில் கொளுத்தும், சுற்றியிருக்கும் பத்தி இருட்டிக் கிடக்கும். ஒரே ஷாட்டில் இரண்டும் சிக்காது. அதனால் எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் மட்டும் 1/125, 1/30, 1/8 நொடி என்று மூன்று படம் எடுத்து, வெளிச்சமும் இருட்டும் இரண்டுமே தெரிகிற ஒரே எச்.டி.ஆர் படமாக மெர்ஜ் செய்கிறேன், அதாவது சேர்க்கிறேன். ஐந்து வருடமாக ஒரே மென்பொருள்தான். பெயர் வேண்டாம், ஏனென்றால் முதல் வருடம் நான் அதைத் திட்டியதில் முக்கால்வாசி அநியாயம்.

முதல் சண்டை ஃபேனோடு. மூன்று படத்திலும் இறக்கை மூன்று இடத்தில் இருக்கும். மெர்ஜ் செய்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு. அசைந்த பொருளின் பிசிறை நீக்கும் டீகோஸ்டிங் வசதியை 'அதிகம்' என்று வைத்தேன். பிசிறு போனது, ஆனால் பக்கத்துத் தூணில் ரவை கொட்டியது மாதிரி நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல். காரணம் புரியவே ஆறு மாதம் ஆனது. அசைகிற இடத்தில் மென்பொருள் ஏதாவது ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது இருட்டுப் படமாக இருந்துவிட்டால், தூக்கி வெளிச்சமாக்கும்போது நாய்ஸும் சேர்ந்தே வரும். இப்போது 'குறைவு' போதும். அதற்கு முன் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். "இந்த வெக்கையிலயா தம்பி?" என்று ஒரு ஆச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

முற்றத்து வானம் ரோஸ் நிறமாக வந்தால் மெர்ஜைக் குறை சொல்லாதீர்கள். 1/125 படத்திலேயே அந்த இடம் வெளுத்துப் போயிருக்கும். 1/500-இல் இன்னொன்று எடுத்துச் சேர்த்தேன், சரியாகிவிட்டது.

ஒருமுறை நண்பர் சாட் செயலியில் அனுப்பிய படங்களை மென்பொருள் சேர்க்கவே மறுத்தது. கேமரா படத்தோடு எழுதிவைக்கும் எக்சிஃப் தகவல் வழியிலேயே கழன்றுவிட்டது. எந்தப் படம் எத்தனை நொடி என்று தெரியாமல் அது எப்படிக் கணக்குப் போடும்? கேமராவின் மூல ரா கோப்புகளை அப்படியே பென் டிரைவில் வாங்கினேன், முதல் முயற்சியிலேயே சேர்ந்தது.

அப்புறம் மெமரி. 24 மெகாபிக்சல் படம் ஒன்று, நிறத்துக்கு 32 பிட் வீதம், 288 எம்.பி. பிடிக்கும். ஐந்து படம் போட்டால் என் 8 ஜி.பி. லேப்டாப் மூச்சுத் திணறும். மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், பத்திக்கும் முற்றத்துக்கும் பெரும்பாலும் அதுவே தாராளம். மெர்ஜ் ஆன 32 பிட் கோப்பு திரையில் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் காட்ட சாதாரண மானிட்டரால் முடியாது. அந்த வித்தியாசத்தைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கும் டோன் மேப்பிங் முடிந்தபின் பாருங்கள். அதிலும் ஸ்லைடரை இழுத்துத் தள்ளினால் ஓட்டு விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் வந்து, வீடு சாமி படம் மாதிரி ஆகிவிடும்.

தென்னை ஓலைக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. காற்றடிக்கும் நாளில் 1/125 படத்தை மேல் லேயரில் வைத்து, மாஸ்க் போட்டுக் கையால் தேய்க்கிறேன். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் போகிறது.